உண்டியல் காசும் ஒரு கோடிப் பத்திரமும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற வாயில் கூட்டத்தில் ஸ்பின்னிங் இலாகாத் தோழர் ஒருவர் எழுந்து கேட்டார்: "தேர்தல் பத்திரத்தைத்தான் சுப்ரீம் கோர்ட்டே ரத்து செய்துவிட்டதே, இன்னும் எதற்கு அதையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் ஷிப்டுச் சங்கு ஊதிவிட்டது. இன்று அதற்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 1926-ல், வெள்ளைக்காரன் ஆட்சியிலே, தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 16-வது பிரிவு என்ன சொல்லிற்று? சங்கத்தின் பொது நிதியை அரசியலுக்குத் தொடாதே. வேண்டுமானால் தனி நிதி வைத்துக்கொள். அதற்குப் பணம் கொடுக்கும்படி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தாதே. கொடுக்காதவனுக்குச் சங்கத்தில் எந்த உரிமையையும் குறைக்காதே. நான்கணாச் சந்தாவுக்கு இத்தனை நிபந்தனை! இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கொடுப்பவன் சம்மதம் வேண்டும், கணக்கு வேண்டும் என்பது நல்ல விதிதான். நம்மைக் கட்டிய அந்த விதி முதலாளியைக் கட்டியதா என்பதுதான் கேள்வி.

1957-ல் பம்பாய் ஐகோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. டாடா இரும்பு எஃகுக் கம்பெனி அரசியல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க விரும்பியது. கம்பெனியின் அமைப்பு விதிகளில் அதற்கு இடமில்லை. விதியைத் திருத்தக் கோர்ட்டின் அனுமதி கேட்டது. பங்குதாரர் ஒருவர் ஆட்சேபித்தார். பிரதம நீதிபதி எம். சி. சக்ளா விசாரித்தார். சக்ளா நம்மவர் அல்ல. பின்னாளில் காங்கிரஸ் சர்க்காரில் மந்திரியாக இருந்தவர். அவரே என்ன எழுதினார் தெரியுமா? பெரிய கம்பெனிகளின் பணம் அரசியலில் நுழைந்தால் அது வளர்ந்து வளர்ந்து ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரித்துவிடும், பார்லிமெண்ட் இதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதினார். எச்சரிக்கை பலமானதுதான். முடிவு? சட்டத்தில் தடையில்லை, ஆகவே கம்பெனி கேட்ட அனுமதி கிடைத்தது. கொடுத்ததைக் கணக்கில் பகிரங்கமாகக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் சேர்ந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனியின் பணம் யாருடைய பணம்? உலைக்கு முன் நின்று வெந்தவன் உழைப்பு அதில் இருக்கிறது. பங்குதாரன் போட்ட பணமும் இருக்கிறது. இருவரையும் கேட்காமல் டைரக்டர்கள் நாலுபேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு தீர்மானம் போட்டால் போதும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960-ல் கம்பெனி நன்கொடைக்கு உச்சவரம்பு போட்டார்கள். 1969-ல் அடியோடு தடை செய்தார்கள். தடையால் பணம் நின்றுவிடவில்லை, பெட்டியில் போக ஆரம்பித்தது. 1985-ல் மீண்டும் கதவைத் திறந்து, மூன்று வருஷ சராசரி லாபத்தில் 5 சதவிகிதம் வரை கொடுக்கலாம் என்றார்கள். 2013 கம்பெனிச் சட்டம் அதை ஏழரை சதவிகிதமாக்கியது.

இடையில் 1974-ல் ஒரு நல்ல தீர்ப்பு வந்தது. டில்லி சதர் தொகுதி வழக்கில், வேட்பாளருக்காக அவருடைய கட்சி செய்யும் செலவையும் அவர் செலவாகவே எண்ண வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட். ஜெயித்த எம்.பி.யின் தேர்தல் செல்லாமல் போயிற்று. தீர்ப்பு வந்த அதே மாதத்தில் சர்க்கார் அவசரச் சட்டம் கொண்டுவந்து அதைச் செல்லாக் காசாக்கிவிட்டது. நம் கூலி வழக்குகள் வருஷக்கணக்கில் கிடக்கின்றன. இதற்கு மட்டும் எவ்வளவு வேகம் பாருங்கள்!

இனி 2017-க்கு வருவோம். அந்த வருஷ நிதி மசோதாவோடு சேர்த்துச் சில திருத்தங்களை நிறைவேற்றினார்கள். பண மசோதா என்று பெயர் சூட்டியதால் ராஜ்ய சபையால் தடுக்க முடியவில்லை. ஏழரை சதவிகித வரம்பு போயிற்று. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனி சொல்ல வேண்டிய அவசியமும் போயிற்று. 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரம் வந்தது. ஸ்டேட் பாங்கில் பத்திரத்தை வாங்கு, கட்சியிடம் கொடு, கட்சி 15 நாளில் அதைப் பணமாக்கிக்கொள்ளும். பேர் கிடையாது. ரிசர்வ் பாங்கும் தேர்தல் கமிஷனும் ஆட்சேபித்தும் சர்க்கார் கேட்கவில்லை.

வரம்பு போனதன் பொருளை ஆலைத் தொழிலாளி நன்றாக மனதில் வாங்க வேண்டும். லாபத்தில் இத்தனை சதவிகிதம் என்றிருந்தவரை, லாபமில்லாத கம்பெனி கொடுக்க முடியாது. வரம்பை எடுத்த பிறகு நஷ்டக் கம்பெனியும் கொடுக்கலாம்! நாம் போனஸ் கேட்டுப் போனால் நிர்வாகம் என்ன சொல்கிறது? "நஷ்டம், எங்கிருந்து கொடுப்பது?" அதே நஷ்டக் கணக்கிலிருந்து கட்சிக்குக் கோடி போகச் சட்டம் வழி செய்தது.

இந்தப் பத்திரத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் திட்டம் செல்லாது என்றார்கள். கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று அறிய வோட்டருக்கு உரிமை உண்டு. அது அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்தில் அடங்கியது என்றார்கள். பிரதம நீதிபதி சந்திரசூட்டின் தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: கம்பெனி கொடுக்கும் நன்கொடை வெறும் வியாபாரக் கொடுக்கல் வாங்கல், பிரதிபலன் கருதியே தரப்படுவது. நாம் எத்தனை மேடையில் சொன்ன விஷயம்! நாம் சொன்னால் வர்க்கத் துவேஷம் என்பார்கள்.

விவரங்களைத் தர ஜூன் 30 வரை, அதாவது பார்லிமெண்ட் தேர்தல் முடியும்வரை, ஸ்டேட் பாங்க் அவகாசம் கேட்டது. கோர்ட் மறுத்து, ஒரே நாளில் கொடு என்றது. பட்டியல் வெளிவந்தது. 2019 ஏப்ரலிலிருந்து கட்சிகள் மாற்றிய பத்திரங்கள் சுமார் 12,769 கோடி ரூபாய். அதில் பாரதிய ஜனதா கட்சிக்கு மட்டும் சுமார் 6,060 கோடி.

வாங்கியவர்களில் முதலிடம் யாருக்கு? கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரிக் கம்பெனிக்கு. 1,368 கோடி. லாட்டரி நம் மாநிலத்தில் 2003-லேயே தடை செய்யப்பட்டது. ஆனால் மற்ற மாநிலங்களில் அந்தச் சீட்டை வாங்குகிறவன் யார்? பங்களாக்காரனா? மாலையில் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில், நாளைக்காவது விடியாதா என்று சீட்டுக் கிழிக்கிறவன்தான். அவன் காசு கோடியாகத் திரண்டு, அவன் ஒருநாளும் நுழைய முடியாத இடத்தில் கதவைத் திறந்தது.

அந்தக் கம்பெனியிடமிருந்து 509 கோடி பெற்றதாகத் திராவிட முன்னேற்றக் கழகமும் தேர்தல் கமிஷனிடம் தெரிவித்தது. 2019-லும் 2024-லும் நாம் கூட்டாகத் தேர்தலில் நின்ற கட்சி. இதை நான் சொல்லாவிட்டால் உங்களில் ஒருவர் வெளியே போய் டீக்கடையில் கேட்பார். இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மற்றவர் வாங்கினால் தவறு, தோழமைக் கட்சி வாங்கினால் சரி என்று நாம் பேசக் கூடாது. தாமாக முன்வந்து பெயரைச் சொன்னார்கள் என்பது வேறு விஷயம்.

அமலாக்கத் துறையின் சோதனைக்கு ஆளான கம்பெனிகள் சில பத்திரம் வாங்கியிருந்ததைப் பத்திரிகைகள் தேதி வாரியாக எடுத்துக்காட்டின. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று விசாரிக்கத் தனிக் குழு கேட்டார்கள். 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அந்த மனுவை ஏற்கவில்லை. பெற்ற பணத்தைப் பறிமுதல் செய் என்ற மனுவும் தள்ளுபடியானது. திட்டம் செல்லாது, திட்டத்தில் வந்த பணம் மட்டும் செல்லும்! ஸ்பின்னிங் தோழரே, உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

மீதிப் பாதி: பத்திரம் போனாலும் நன்கொடை போகவில்லை. ஏழரை சதவிகித வரம்போடு கம்பெனிகள் நேரே கொடுக்கலாம். தேர்தல் அறக்கட்டளை என்று ஒரு வழியும் இருக்கிறது. பல கம்பெனிகள் அதில் பணம் போடும். அது கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். யார் போட்டார், யார் பெற்றார் என்ற இரண்டு பட்டியலும் வரும். எவன் பணம் எவனுக்கு என்ற முடிச்சு மட்டும் நமக்குத் தெரியாது.

கோர்ட் தீர்ப்பால் நம் கைக்கு ஒரு கருவி வந்திருக்கிறது. அதைத் துருப்பிடிக்க விடக் கூடாது. கட்சிகளுக்குக் கொடுத்த தொகையையும் கட்சியின் பெயரையும் கம்பெனி தன் லாப நஷ்டக் கணக்கில் காட்ட வேண்டும் என்ற பழைய விதி மீண்டும் உயிர் பெற்றுவிட்டது. போனஸ் பேச்சுக்குப் போகும் முன், சங்க நிர்வாகிகள் ஆலையின் வருஷக் கணக்கைக் கம்பெனிப் பதிவாளரிடமிருந்து வாங்கிப் படியுங்கள். இங்கிலீஷில் இருக்கும், படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். நன்கொடை என்ற வரியில் தொகை இருந்தால், பேச்சுவார்த்தை மேஜையில் முதலில் அதைப் படித்துக் காட்டுங்கள். விவசாயத் தொழிலாளர் தோழர்களே, உங்கள் பகுதிச் சர்க்கரை ஆலைக்கும் உரக் கம்பெனிக்கும் இதே கணக்கு உண்டு.

வகுப்பு முடிந்ததும் உண்டியல் சுற்றி வரும். இஷ்டப்பட்டவர்கள் போடுங்கள். பொருளாளர் இங்கேயே எண்ணித் தொகையைச் சொல்லி, ஏட்டில் எழுதுவார். அதைக் கேட்டுவிட்டுப் போங்கள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.