முயலுக்குப் பல் சீழ்க்கட்டி வந்தால்

 

முயலுக்குப் பல் நோய் வருமா என்று சிலர் சிரிக்கலாம். வரும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

ஒரு வீட்டில் பிள்ளைகள் முயல் வளர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டியும் பிஸ்கட்டும் கொடுத்துச் செல்லமாக வளர்க்கிறார்கள். ஒரு நாள் முயலின் வாயில் எச்சில் வடிகிறது. இரையைக் கவ்வுகிறது. மெல்ல முடியாமல் கீழே போடுகிறது. புழுக்கை சிறுத்துப் போகிறது. தாடையைத் தடவினால் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி!

கட்டி ஏன் வந்தது?

முயலுக்கு 28 பற்கள். அவை சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். நாள் முழுவதும் புல்லை மென்றால்தான் பல் தேயும். ரொட்டியும் பிஸ்கட்டும் பல்லைத் தேய்க்காது. பல் நீண்டு நாக்கையும் கன்னத்தையும் குத்தும். வேர் தாடை எலும்பை அழுத்தும். அங்கே கிருமி புகுந்து சீழ் பிடிக்கும்.

வீட்டில் செய்யக் கூடாதவை இரண்டு.

ஒன்று, பிளேடால் கீறக் கூடாது. முயலின் சீழ் கெட்டித் தயிர் போல இருக்கும். தானாக வடியாது. அதைச் சுற்றித் தடித்த பை இருக்கும். பை உள்ளே இருந்தால் கட்டி மறுபடியும் வரும்.

இரண்டு, வீட்டில் மிச்சம் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. அமாக்சிசிலின் மனிதருக்கு நல்ல மருந்துதான். முயலின் வாயில் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழியும். கழிச்சல் கண்டு முயல் சாகலாம். மாத்திரை அட்டையில் உள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். படிக்கக் கற்றது இதற்கும் உதவும்.

பிறகு என்ன செய்வது?

கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். மயக்க மருந்து கொடுத்துக் கட்டியைப் பையோடு எடுப்பார். கெட்ட பல்லையும் பிடுங்குவார். முயலுக்கு ஏற்ற மருந்தைப் பல வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்தாதீர்கள். சில முயல்களுக்குக் கட்டி திரும்பவும் வரும். அதனால் பிறகும் கவனிக்க வேண்டும்.

முயலின் வயிறு காலியாக இருக்கக் கூடாது. 12 மணி நேரம் தின்னாவிட்டால் ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிகிச்சைக்குப் பின் முயல் தானாகத் தின்னாவிட்டால், தீவனத்தை ஊறவைத்துக் கூழாக்குங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, வாய் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள்.

வருமுன் காப்பது எளிது. பச்சைப் புல்லும் காய்ந்த புல்லும் எப்போதும் முயலின் முன்னே இருக்கட்டும். அருகம்புல் நல்லது. பூச்சிமருந்து அடித்த இடத்துப் புல் வேண்டாம். வாரம் ஒரு முறை தாடையைத் தடவிப் பாருங்கள்.

முயல் தன் வலியை வெளியே காட்டாது. வளர்ப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.