படுக்கையருகே கீட்ஸ்

ஆஸ்திரேலியாவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது விடியற்காலை, கனடாவில் மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவள் இல்லை. நர்சிங் டிப்ளமா முடித்து, இருபது வருஷத்துக்கு மேல் வார்டுகளில் நின்றவள். ஜான் கீட்ஸைப் பற்றிப் பேசக் கேட்டபோது அவருடைய கவிதையைவிட அவர் பார்த்த வேலைதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனை வளாகத்தில் அவருடைய வெண்கலச் சிலை ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கிறது. டூட்டி முடிந்து போகும்போது உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

கீட்ஸ் பிறந்தது 1795-ல். அப்பா லண்டனில் குதிரை லாயம் நடத்தினார். 1804-ல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அம்மாவுக்குக் காசநோய். பள்ளி விடுமுறையில் வீட்டுக்கு வந்த பதினான்கு வயதுப் பையன், வேறு யாரையும் மருந்து கொடுக்க விடவில்லையாம். தானே சமைத்துக் கொடுத்து, கதை வாசித்துக் காட்டி, ராத்திரி முழுக்க நாற்காலியில் விழித்திருந்திருக்கிறான். 1810-ல் அம்மாவும் போய்விட்டார்.

பிறகு ஒரு வைத்தியரிடம் பயிற்சி. 1815 அக்டோபரில் கைஸ் மருத்துவமனையில் மாணவர், அடுத்த வருஷம் அங்கேயே டிரெஸ்ஸர். புண்ணைச் சுத்தம் செய்வது, கட்டுப் போடுவது, அறுவைச் சிகிச்சையில் கூட நிற்பது எல்லாம் டிரெஸ்ஸர் வேலை. ஈதர் மயக்க மருந்து வந்தது 1846-ல். அதற்கு முப்பது வருஷம் முந்தைய அறுவை அறையை நினைத்துப் பாருங்கள். முழு நினைவோடு இருக்கிறவனை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, காலை எடுப்பார்கள். அங்கே நின்றபோது கீட்ஸுக்கு இருபது வயது.

1816 ஜூலையில் வைத்தியம் பார்க்கிற உரிமம் வாங்கினார். கொஞ்ச நாளில் தொழிலை விட்டார். ரத்தத்துக்குப் பயந்து கவிதைக்கு ஓடியவர் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 1818-ல் தம்பி டாமுக்கு அதே நோய். இன்னொரு தம்பி ஜார்ஜ் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். பார்த்துக்கொண்டவர் கீட்ஸ்தான். டிசம்பர் 1-ம் தேதி டாம் இறந்தபோது பத்தொன்பது வயது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்தது 1882-ல். அதனால் முகக்கவசமும் இல்லை, தனி அறையும் இல்லை. மூடின ஜன்னலுக்குள் மாதக்கணக்கில் ஒரே காற்று.

இப்படிப்பட்ட ஒருவர் கடவுளைப் பற்றி என்ன நினைத்தார்? சர்ச் மணி அடிப்பதைக் கேட்டு எரிச்சலோடு ஒரு கவிதை எழுதியிருக்கிறார். நாத்திகர் என்று சொல்லிவிட முடியாது. டாம் இறந்த பிறகு, ஏதோ ஒரு விதத்தில் அழியாமை இருக்கிறது என்று நம்புவதாக ஜார்ஜுக்கு எழுதினார். 1819-ல் எழுதிய நீண்ட கடிதத்தில் இன்னும் மேலே போகிறார். இந்த உலகத்தைக் கண்ணீர்ப் பள்ளத்தாக்கு என்கிறார்களே, அது சின்னப் பார்வை; இது ஆத்துமா உருவாகிற இடம்; உலகம் பள்ளிக்கூடம், மனித இதயம் அரிச்சுவடி என்கிறார். உபத்திரவம் மனிதனை உருவாக்கும் என்பது எங்கள் சபையிலும் கேட்கிற பேச்சுதான். ஆனால் கீட்ஸின் பள்ளிக்கூடத்தில் மீட்பர் தேவைப்படவில்லை. விசுவாசியான எனக்கு அங்கேதான் இடிக்கிறது. இடித்தாலும் அந்தக் கடிதத்தை மூட முடியவில்லை. இரண்டு பேரைப் படுக்கையில் பார்த்துக்கொண்டவர் எழுதினது அது. மேசையில் உட்கார்ந்து செய்த தத்துவம் என்று தள்ளிவிட முடியாது.

இயற்கைக்கு வருகிறேன். வேர்ட்ஸ்வொர்த்துக்கு மலையும் ஏரியும் ஆசிரியர்கள். கோல்ரிட்ஜுக்கு இயற்கை கடவுள் பேசுகிற மொழி. கீட்ஸுக்கோ, நம்மைத் திருத்த வருகிற கவிதையே பிடிக்காது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சிட்டுக்குருவி வந்தால், தானும் அதோடு சேர்ந்து சரளைக்கல்லைக் கொத்துவதாக ஒரு கடிதத்தில் எழுதினார். வேதத்திலும் குருவி வருகிறது. அங்கே அதைப் பிதா கவனித்துக்கொள்கிறார். கீட்ஸின் குருவி கொத்துகிறது, அவ்வளவுதான். 1819 செப்டம்பரில் வின்செஸ்டர் பக்கம் அறுவடை முடிந்த வயலில் நடந்துவிட்டு வந்து எழுதின இலையுதிர்காலக் கவிதையிலும் அப்படியே. ஆப்பிள், தேனீ, கொசுக்கூட்டம், ஆட்டுக்குட்டி எல்லாம் இருக்கின்றன. ஒரு உபதேசமும் இல்லை. டாம் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதையும் சொல்லவில்லை.

எங்கள் வார்டில் ஒரு தமிழ்ப் பெரியவர் இருந்தார். கடைசி வாரம். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருநாள் அவர் என்னிடம், "ஜெபம் பிறகு பண்ணலாம் மகளே, முதலில் அந்தத் திரையை விலக்கு" என்றார். வெளியே கார் பார்க்கிங், ஒரு பிர்ச் மரம். அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

1820 பிப்ரவரி 3 இரவு கீட்ஸ் இருமினார். மெழுகுவர்த்தியைக் கொண்டுவரச் சொல்லி, துணியில் விழுந்த ரத்தத்தின் நிறத்தைப் பார்த்தார். தமனி ரத்தம். தன் மரணத்தை அந்தச் சிவப்பில் படித்துவிட்டார். படித்த படிப்பு அப்படி. குளிர்காலத்துக்கு ரோமுக்கு அனுப்பினார்கள். கூடப் போனவர் ஜோசப் செவர்ன் என்கிற இளம் ஓவியர். அங்கே டாக்டர் செய்தது ரத்தம் எடுப்பதும், நாளைக்கு ஒரு நெத்திலி, ஒரு துண்டு ரொட்டி என்று பட்டினி போடுவதும்தான். கீட்ஸ் பசிக்கிறது என்று கெஞ்சியிருக்கிறார். அந்தக் கால வைத்தியம் அதுதான் என்று தெரிந்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

முடித்துக்கொள்வதற்காக, தன்னிடம் இருந்த லாடனம் பாட்டிலைக் கீட்ஸ் கேட்டார். அபின் கலந்த மருந்து அது. செவர்ன் மறுத்து, டாக்டரிடம் கொடுத்துவிட்டார். உயிரை எடுக்கிற அளவுக்குக் கொடுக்க மறுத்ததில் நான் செவர்ன் பக்கம். வலிக்கு என்று சொட்டுக் கணக்கிலாவது யாராவது கொடுத்திருக்கலாம். இன்று நாங்கள் மார்ஃபினை அப்படித்தான் கொடுக்கிறோம்.

செவர்ன் விசுவாசி. அவரிடம் கீட்ஸ், தனக்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லையே, எந்த முட்டாளுக்கும் கிடைக்கிற ஆறுதல் தனக்கு இல்லையே என்று புலம்பினார். ஜெரமி டெய்லரின் பக்தி நூலைக் கேட்டு வாங்கி வாசிக்கச் சொன்னார். கடைசியில் நம்பினாரா என்று என்னைச் சர்ச்சில் கேட்டிருக்கிறார்கள். சாகிறவரிடம் அந்தக் கணக்கைக் கேட்க எனக்குப் பிரியமில்லை. அவர் இறந்தது 1821 பிப்ரவரி 23, செவர்னின் கைகளில். இருபத்தைந்து வயது.

செவர்ன் ராத்திரிகளில் அசந்து தூங்கிவிடுவார். இருட்டில் நோயாளி விழித்துவிடக் கூடாதென்று ஒரு மெழுகுவர்த்தியின் அடியிலிருந்து அடுத்ததன் திரிக்கு நூல் கட்டினார். முதலாவது எரிந்து முடியும்போது நெருப்பு நூலில் ஓடி இரண்டாவதைப் பற்றவைக்கும். சொல்லாமல் செய்திருந்தார், பலிக்குமோ பலிக்காதோ என்று. கீட்ஸ் விழித்திருந்து பார்த்துவிட்டு, ஒரு குட்டித் தேவதை வந்து விளக்கேற்றிவிட்டுப் போனதாகச் சொல்லி அவரை எழுப்பினார்.

நேரமாகிவிட்டது. கேள்விகளுக்குப் போகலாம்.