பல்கலைக்கழகத்தருகே உறைவிடம்



யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் செல்லும் மன்னார்ப் பிள்ளைகள் முதலில் தம் பீடம் இருக்குமிடத்தை விசாரித்தல் வேண்டும். பொறியியலும் விவசாயமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன. திருநெல்வேலியில் அறை எடுத்தால் முற்பணம் வீணே. மருத்துவத்துக்கு ஆடியபாதம் வீதி வசதி. கலைக்கும் விஞ்ஞானத்துக்கும், 1921 இல் சேர் பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி நின்ற வளாகம், கலட்டி நடைதூரம்.

மிஷன் விடுதி மணிக்கு அடங்கி வளர்ந்த நாங்கள், வாடகை மலிவென்று கோண்டாவிலுக்கு ஓடினோம். மிச்சப்பணம் சைக்கிள் திருத்தத்துக்கே போயிற்று! இருட்டுமுன் திரும்பவேண்டி நூலகத்தை இழந்தோம். முதலாண்டுப் புள்ளிகளே அதற்குச் சாட்சி. வீடு பார்க்கையில் கிணற்று நீரையும் குடித்துப் பாருங்கள். சுண்ணக்கல் நிலம், வளவுக்கு வளவு சுவை மாறும்.

இம்முறை செல்லும் தங்கைமாரே, ஒழுங்கையில் விளக்குண்டா என்று இரவிலே போய்ப் பாருங்கள். கூட வர நாங்கள் ஆயத்தம்.