உள்ளாட்சியும் நம் குலத்து ஸ்திரீகளும்

(பிள்ளைச்சாவடியில் கூடிய நமது சங்கத்தின் மாதர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று காலை நாம் இவ்வூரில் வந்திறங்கியதும், கூட்டம் கூடுதற்கு முன்னரே கடற்கரைக்குச் சென்றோம். கரை எங்கே என்று தேட வேண்டியதாயிற்று. வலை உலர்த்தவும், கட்டுமரம் ஏற்றவும், கருவாடு காய வைக்கவும் இடம் தந்த மணல் போய்விட்டது. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பத்து ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கென்று அணைகள் கட்டப்பட்டன. தெற்கேயிருந்து வடக்கே ஓடிவரும் மணல் அங்கே தடைப்பட்டது. நகரத்தைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து நம் குப்பங்களைப் பிடித்துக்கொண்டது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது இவ்வூரில் வீடுகள் சரிந்து கடலில் விழுந்ததை நீங்கள் கண்ணாற் கண்டீர்கள். நாம் பத்திரிகையில் படித்தோம்.

உள்ளாட்சியைப் பற்றிப் பேச வந்தவர் கடலைப் பற்றிப் பேசுவானேன் என்று நினைக்கலாம். காரணம் உண்டு. வீடு விழுந்த அன்று இவ்வூர் ஸ்திரீகள் தங்கள் குறையை யாரிடம் சொல்லியிருக்க முடியும்? உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது இவ்விடம். ஆனால் அந்நகராட்சியில் இவ்வூருக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் அன்று இல்லை. அதிகாரிகள் இருந்தனர், மனுவை வாங்கினர். நம் வோட்டினால் வந்து, நம் வோட்டுக்கு அஞ்சுகிற ஒருவர் இல்லை.

இந்த நிலை எப்படி வந்தது? புதுச்சேரியில் உள்ளூராட்சி நேற்று முளைத்ததன்று. பிரெஞ்சுக்காரர் 1880-லேயே கொம்யூன்களை ஏற்படுத்தி முனிசிபல் சபைகளை அமைத்தார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று தங்கள் கட்டிடங்களிலெல்லாம் பொறித்த அவர்கள் தங்கள் சொந்த நாட்டு ஸ்திரீகளுக்கே 1944 வரையில் வோட்டுரிமை கொடுக்கவில்லை. ஆங்கிலேயருக்கு அடங்கியிருந்த இலங்கையிலோ 1931-லேயே ஆண் பெண் இருபாலார்க்கும் வோட்டு வந்துவிட்டது. அடுத்த ஆண்டே கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி சட்டசபைக்குச் சென்றார். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1927-ல் சட்டசபையின் உபதலைவராகவே அமர்ந்தார்.

சுதந்திரம் பெற்றபின் நாம் பிரெஞ்சுக்காரரை விஞ்சினோமா? 1968-க்குப் பிறகு புதுச்சேரியில் முனிசிபல் தேர்தலே நடக்கவில்லை. 73, 74-ஆம் அரசியற் சட்டத் திருத்தங்கள் 1993-ல் அமலுக்கு வந்து, ஐந்தாண்டுக்கொரு முறை தேர்தல் நடத்த வேண்டும், மூன்றில் ஒரு பங்கு ஸ்தானங்கள் ஸ்திரீகளுக்கு என்று விதித்தன. அப்படியும் நியாயஸ்தலம் தலையிட்ட பின்னரே 2006-ல் தேர்தல் வந்தது. இடைவெளி 38 ஆண்டு. ஐந்து நகராட்சிகள், பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துக்கள், 98 கிராமப் பஞ்சாயத்துக்கள் உயிர் பெற்றன. அவற்றின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேதிகளும் குறிக்கப்பட்டு, ஒதுக்கீடு பற்றிய வழக்கினால் நின்றுபோயின.

இக்கூட்டத்தில் இருக்கும் இளம்பெண்கள் பலர் தங்கள் வாழ்நாளில் ஒருமுறையேனும் கவுன்சிலர் தேர்தலில் வோட்டுப் போட்டதில்லை. இவ்வூரை ஒட்டினாற்போல் தமிழ்நாட்டு எல்லைக்குள் பொம்மையார்பாளையம் இருக்கிறது. கடல் ஒன்று, தொழில் ஒன்று, கொள்வினை கொடுப்பினையும் உண்டு. 2021 அக்டோபரில் அங்குள்ளோர் கிராமப் பஞ்சாயத்துக்கு வோட்டளித்தார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பதவிகளிற் பாதி ஸ்திரீகளுக்கென்று சட்டமிருக்கிறது. அங்கே வாழ்க்கைப்பட்ட அக்காள் பஞ்சாயத்துத் தலைவியாகலாம். இங்கே வாழ்க்கைப்பட்ட தங்கைக்கு வார்டு மெம்பர் ஆகவும் வழியில்லை. அவர்களுக்கிடையே இருப்பது ஓர் எல்லைக்கல்தான்.

சர்க்காரைக் குறை கூறுவது எளிது. இனி நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். சொல்லாமற் போனால் நாம் இங்கு வந்ததே வீண்.

சட்டத்தின் பஞ்சாயத்து இல்லாத காலத்தும் நமது குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து இருந்தே வருகிறது. வலைச் சண்டையைத் தீர்ப்பதும், கோயில் திருவிழாவை நடத்துவதும், வரி வசூலிப்பதும், அதிகாரிகளிடம் ஊரின் சார்பாய்ப் பேசுவதும் அதுவே. அதன் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் தலைக்கட்டு என்றால் அங்கே யார்? மணமான ஆண்மகன். படகிலிருந்து மீன் இறங்கியதும் ஏலம் கேட்பவள் ஸ்திரீ. கூடையைத் தலையில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோய்க் காசாக்குபவள் ஸ்திரீ. சீட்டுக் கட்டி, வட்டி கணக்கிட்டு, எஞ்சின் கடனை அடைப்பவளும் அவளே. வீட்டின் கணக்கு முழுவதும் அவள் கையில். ஊரின் கணக்கில் அவள் பெயரில்லை. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை அடித்த பின்பு, தலைக்கட்டுப்படியே நிவாரணப் பட்டியல் எழுதிய குப்பங்களில், கடலுக்குக் கணவனைக் கொடுத்த விதவைகளின் பெயரே விட்டுப்போயிற்று என்ற முறையீடு எழுந்ததை நாம் மறந்துவிடலாகாது.

ஒரு குப்பத்தில், ஊர் பெயர் வேண்டா, பெரியவர் ஒருவரை இதைப் பற்றிக் கேட்டோம். “பொம்பளைங்க பஞ்சாயத்துல வந்து உட்கார்ந்தா வீட்டுல உலை யாரு வைப்பா?” என்றார். அவர் மனைவியோ விடியுமுன்பே எழுந்து துறைக்குப் போய், சந்தையில் மாலைவரை உட்கார்ந்திருந்து, அதன்பின்பே உலை வைப்பவர். பன்னிரண்டு மணி நேரம் சந்தையில் உட்கார்ந்தால் அணையாத அடுப்பு, இரண்டு மணி நேரம் பஞ்சாயத்தில் உட்கார்ந்தால் அணைந்துவிடுமாம்!

சந்தையை எடுத்துக்கொள்வோம். மீன் விற்கும் இடத்துக்குக் கூரை, தண்ணீர், கழிப்பிடம், தினவரி, ஐஸ் வைக்கும் தொட்டி ஆகிய யாவும் உள்ளாட்சியின் காரியங்கள். சந்தையில் உட்கார்பவர் தொண்ணூறு பங்கு ஸ்திரீகளாயிருக்க, கழிப்பிடமில்லாத சந்தையைப் பற்றிப் பேச ஆண்மகனையே அனுப்புவது எவ்வளவு விந்தை! அவருக்கு அந்த அவஸ்தை தெரியாது. தெரியாததில் அவர் குற்றமும் இல்லை.

பதவிக்கு வந்த ஸ்திரீகளுக்கு எல்லாம் சுகமாகவே முடிந்தது என்று நாம் பொய் சொல்லமாட்டோம். மதுரை வில்லாபுரத்தில் லீலாவதி என்ற அம்மையார் 1996-ல் மாநகராட்சி கவுன்சிலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தம் பகுதிக்குக் குடிநீர் வேண்டிப் போராடினார். 1997 ஏப்ரல் 23-ல் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். நமக்கு அருகே கடலூர் ஜில்லாவில் தெற்குத்திட்டை என்னும் கிராமத்தில், ஆதிதிராவிட வகுப்பைச் சேர்ந்த பஞ்சாயத்துத் தலைவியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தது 2020-ல் வெளியாகி ஊரெல்லாம் தலைகுனிந்தது. நம் புதுச்சேரிச் சட்டசபைக்கு 2021-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மரில் சந்திர பிரியங்கா ஒருவரே பெண். சுமார் நாற்பதாண்டுக்குப் பின் மந்திரியான பெண்ணும் அவரே. 2023 அக்டோபரில், ஜாதியின் பேராலும் பெண் என்பதாலும் தாம் தாக்கப்படுவதாக எழுதி ராஜிநாமா அனுப்பினார்.

இவற்றை ஒரு ஜாதிச் சங்கத்தின் மேடையில் நின்று சொல்வதில் அர்த்தமுண்டு. நம் குலத்துப் பெண்ணுக்கு நாற்காலி வேண்டுமென்று கேட்கும் நாம், வேறு குலத்துப் பெண் நாற்காலியில் அமரும்போது முகம் சுளிக்கலாமா? நாளைத் தேர்தல் வந்து, இவ்வார்டு நமக்கல்லாத வகுப்புப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டால், அவருக்கு நாற்காலி போடுவது நமது இளைஞர் கடமை.

இன்னொரு வியாதி உண்டு. மனைவி பெயரில் வென்று, புருஷன் மோட்டார் சைக்கிளில் ஆபீசுக்குப் போய், அவளைக் கையெழுத்துக்கு மாத்திரம் கூப்பிடுவது. இதைத் தடுக்கச் சட்டத்தினால் ஆகாது, பழக்கத்தினால் ஆகும். மகளிர் சுய உதவிக் குழுக்களில் நோட்டு எழுதி, பாங்கில் மானேஜரோடு வாதாடிப் பழகிய சகோதரிகள் இங்கே இருக்கிறீர்கள். முனிசிபல் பட்ஜெட்டும் அந்த நோட்டின் அண்ணன்தான். பூஜ்யங்கள் சில அதிகம், அவ்வளவே.

தேர்தல் வரும்வரை என் செய்வது என்று கேட்பீர்கள். நமது சங்கத்தின் நிர்வாக சபையைப் பாருங்கள். அதில் ஒரு ஸ்திரீயும் இல்லை. சர்க்கார் சட்டம் மூன்றில் ஒரு பங்கு என்கிறது. நமது விதிப் புஸ்தகம் அவ்விஷயத்தில் வாய் திறக்கவில்லை. இவ்வூர்ப் பஞ்சாயத்தார் இன்று நம் வேண்டுகோளுக்கிணங்கி, கடலரிப்புத் தடுப்புச் சுவர் பற்றி அதிகாரிகளைக் காணப் போகும்போது இரண்டு ஸ்திரீகளை உடன் அழைத்துச் செல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு போதாது என்பது நம் அபிப்பிராயம். ஆயினும் எந்த இருவர் என்பதை ஆண்கள் தீர்மானியாமல், இக்கூட்டத்துத் தாய்மார்களே இன்று மாலைக்குள் தேர்ந்து சொல்ல வேண்டும்.

சங்க விதிகளை மாற்றி, நிர்வாக சபையில் மூன்றில் ஒரு பங்கு ஸ்தானங்களை ஸ்திரீகளுக்கு ஒதுக்கும் தீர்மானத்தை அடுத்த மகாசபையில் நாம் பிரேரேபிக்கப் போகிறோம். அதற்கு நோட்டீசில் இருபது அங்கத்தினர் கையொப்பம் வேண்டும். இதுவரை பதினொன்று கிடைத்துள்ளது. காகிதம் மேஜைமேல் இருக்கிறது.