கங்காணி முறையும் இன்றைய ஆள் சேர்ப்பு நிர்வாகமும்

(திருவாடானையில் ஊராட்சிச் செயலர்கள், மகளிர் குழுவினர், இளைஞர்கள் ஆகியோர் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நமது திருவாடானை வட்டாரம் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை கண்மாய்களை நிரப்பினால் ஒரு போக நெல் உண்டு. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. ஆதலால் நம் இளைஞர்கள் சென்னை, திருப்பூர் ஆகிய நகரங்களுக்கும், சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். கிராம வளர்ச்சி என்றால் சாலை, குடிநீர், கண்மாய் மராமத்து என்றே நாம் பேசி வருகிறோம். ஆயினும், ஒரு குடும்பம் முன்னேறுவதும் கடனில் மூழ்குவதும், வெளியூர் சென்ற மகன் யார் மூலமாகச் சென்றான் என்பதையும் பொறுத்திருக்கிறது. ஆகவே, ஆள் சேர்க்கும் இடையாளரைப் பற்றி இன்று சிறிது ஆராய்வோம்.

இடையாளர் நமக்குப் புதியவர் அல்லர். 19 ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் கடற்கரை வழியாகவே மக்கள் சென்றனர். அவர்களைத் திரட்டியவர் கங்காணி. தோட்டத்துரை கொடுத்த முன்பணத்துடன் தம் சொந்த ஊருக்கு வந்து, உறவினரையும் ஊராரையும் அவர் அழைத்துச் செல்வார். சிறு குழுவை நடத்தியவர் சில்லறைக் கங்காணி. பல குழுக்களுக்கும் மேலாக இருந்து துரைக்குப் பொறுப்புக் கூறியவர் பெரிய கங்காணி. வேலைக்கு வந்த ஆட்களின் கணக்குப்படி பெரிய கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது.

இம்முறையில் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மொழி அறியாத துரைக்கும் ஊர் அறியாத தொழிலாளிக்கும் இடையே அது ஒரு பாலமாக நின்றது. தீமை எங்கே புகுந்தது எனில், செலவு யார் தலையில் விழுந்தது என்பதில்தான். முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் கடனாக எழுதப்பட்டன. அவர் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், கடன் தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். புதிய துரை அத்தொகையைச் செலுத்துவார். கடன் மட்டும் தொழிலாளியைத் தொடர்ந்து செல்லும். இத்துண்டு முறை இலங்கையில் 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மலாயாவில் 1907 இல் வேறொரு வழி காணப்பட்டது. தொழிலாளரை வேலைக்கு வைத்த முதலாளிகள் அனைவரும் ஒரு பொது நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும். அந்நிதியிலிருந்தே தொழிலாளரின் கப்பற்செலவு கொடுக்கப்படும் என்று ஏற்பாடாயிற்று. கூலியும் குடியிருப்பும் அங்கும் குறையுடையனவே. எனினும், வேலைக்கு ஆள் தேவைப்படுபவரே ஆள் சேர்க்கும் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறி அதில் தெளிவாகிறது. தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் தொழிலாளியிடம் கட்டணம் பெறலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997 இல் வகுத்த உடன்படிக்கையும் இந்நெறியையே கூறுகிறது. அவ்வுடன்படிக்கையில் சில விலக்குகளும் உண்டு.

இனி இன்றைய நிலையைக் காண்போம். ஒரு பெரிய தொழிற்சாலைக்கு ஆயிரக்கணக்கான ஆட்கள் தேவை. அத்தேவை மாதந்தோறும் கூடும், குறையும். பல காண்டிராக்டர்களிடமிருந்து ஆள் எடுத்தால் கணக்கும் கண்காணிப்பும் கடினமாகும். ஆதலின், அக்காண்டிராக்டர்கள் அனைவரையும் மேற்பார்க்க ஒரு நிர்வாக நிறுவனத்தை அமர்த்துகின்றனர். சென்ற நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வளர்ந்த இவ்வழக்கம் இப்போது பல நாடுகளில் உள்ளது. எந்த ஏஜென்சி எத்தனை பேரை அனுப்புவது, ஆவணங்கள் சரியா, வருகைப் பதிவு எவ்வளவு என்பவற்றை அந்நிறுவனம் கணினியில் பதிந்து, ஒரே பில்லாகத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறது. பில் தொகையில் ஒரு பங்கைத் தன் ஊதியமாகப் பெறுகிறது. சுருங்கக் கூறின், ஏஜென்சிகள் சில்லறைக் கங்காணிகள். இது பெரிய கங்காணி.

இந்நிறுவனம் நேர்மையாக நடந்தால் தொழிலாளிக்குப் பயன் உண்டு. வருங்கால வைப்பு நிதி செலுத்தாத ஏஜென்சியை அது விலக்கலாம். ஆனால், குறைந்த தொகை கேட்பவருக்கே ஆள் அனுப்பும் வாய்ப்பு என்று வைத்துவிட்டால், அக்குறைவு இறுதியில் கூலியிலேயே விழும். அன்றியும், அடுக்குகள் பெருகப் பெருகப் பொறுப்பு மறைந்துவிடும். நம் வட்டாரத்து இளைஞர் ஒருவர் கூலிப் பாக்கி குறித்து மனுவுடன் நம்மிடம் வந்தார். அவரிடமிருந்த காகிதங்களில் மூன்று பெயர்கள் இருந்தன. அவர் உழைத்த தொழிற்சாலையின் பெயர் ஒன்றில்கூட இல்லை. மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டினர். தாயாரின் நகையோ அடகில் இருந்தது.

ஆகவே, புறப்படும் முன்னரே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, கூலி கொடுப்பவர் யார்? நியமனக் கடிதத்தில் ஏஜென்சியின் பெயரும் வேலை செய்யும் இடத்தின் பெயரும் இருத்தல் வேண்டும். உள்நாட்டு வேலையாயின், வைப்பு நிதிக்குரிய யு.ஏ.என். எண்ணைக் கேட்டுப் பெற்று, பணம் சேர்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்த்துக் கொள்ளலாம்.

இரண்டாவது, செலவு யாருடையது? வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என உச்சவரம்பு விதிக்கப்பட்டுள்ளது. லட்சக் கணக்கில் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுப்பவரிடம் பணம் தராதீர்கள். தமிழ்நாடு அரசு 1978 இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்னும் நேர்வழியும் உண்டு.

மூன்றாவது, கூலி நின்றால் பதில் சொல்பவர் யார்? காண்டிராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே கொடுக்க வேண்டும் என்று 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அந்நெறியைக் கைவிடவில்லை. எத்தனை அடுக்கு இருப்பினும், நம் உழைப்பைப் பெற்றவர் பொறுப்பினின்று நீங்க முடியாது. ஆனால் எங்கே உழைத்தோம் என்பதை நாட்டச் சான்று வேண்டும்.

இதில் ஊராருக்கும் கடமை உண்டு. வெளியே செல்பவரின் பெயர், அழைத்துச் செல்பவர், வேலையிடம், ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றை ஒவ்வோர் ஊரிலும் ஒரு பதிவேட்டில் வைக்கலாம். பயணத்துக்காகக் கடன் கேட்டு வரும் குடும்பத்திடம் மகளிர் குழுவினர் இம்மூன்று கேள்விகளையும் கேட்ட பின்னரே பணம் கொடுக்கலாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இப்பதிவேட்டைத் தொடங்க முன்வருமாறு கேட்டுக்கொள்கிறோம். நம் முன்னோர் கடனோடு கப்பலேறினர். நம் பிள்ளைகள் காகிதத்தோடு பயணம் புறப்படட்டும்.