காதுக்கருவி ஏன் பேசவில்லை?



கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று 1991 ஏப்ரல் 18-ல் அறிவிக்கப்பட்டது. பிறகு செல்போன் வந்தது. மறுபடியும் பாடம் தொடங்கியது. திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி 2022-ல் எல்லாருக்கும் செல்போன் பாடம் சொல்லிக் கொடுத்து முடித்தது. அதே வழியில் மாநிலம் முழுவதும் 21 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பழகினார்கள். 2025 ஆகஸ்ட் 21-ல் அதுவும் அறிவிக்கப்பட்டது. படம் அனுப்பத் தெரிந்துவிட்டது. பணம் அனுப்பத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் ஒரு தொல்லையைப் பற்றியது இன்றைய பேச்சு.

சாலைக் கடைத்தெருவில் பூ விற்கும் ஓர் அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் துபாயில் வேலை பார்க்கிறான். விடுமுறையில் வந்தபோது கம்பியில்லாத காதுக்கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தான். கடைத்தெரு இரைச்சலில் அது இல்லாமல் அவன் பேசுவது கேட்காது. ஒரு மாதம் நன்றாக இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் பேச்சே வரவில்லை. பக்கத்துக் கடைப் பையன், "கருவி போச்சு அம்மா, புதுசு வாங்குங்க" என்கிறான். அம்மா பூ விற்ற காசை எண்ணிப் பார்க்கிறார்.

கருவி கெடவில்லை. கல்லூரி விட்டு உதவிக்கு வந்த பேத்தியின் பையில் அவள் செல்போன் இருக்கிறது. முந்தின இரவு அவள் அதே கருவியில் பாட்டுக் கேட்டிருக்கிறாள். கருவி அந்தப் போனைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது. பேத்தி தன் போனில் புளூடூத்தை அணைத்தாள். அம்மா தன் போனில் கருவியின் பெயரைத் தொட்டார். மகன் குரல் வந்துவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை.

புளூடூத் என்பது என்ன? சிறிய வானொலிதான். போனும் கருவியும் ஒன்றுக்கொன்று வானொலி அலையில் பேசிக்கொள்கின்றன. சாதாரணமாகப் பத்து மீட்டர் தூரம் எட்டும். ஸ்வீடன் நாட்டு எரிக்சன் நிறுவனம் 1994-ல் இந்த வேலையைத் தொடங்கியது. பெயர் மட்டும் பழையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் டென்மார்க்கை ஆண்ட ஓர் அரசனின் பட்டப்பெயர் அது. பொருள் நீலப்பல்! அவன் பெயரின் முதல் எழுத்துகளைப் பழைய எழுத்தில் சேர்த்ததுதான் போனில் காணும் அடையாளம். ஆங்கில 'பி' எழுத்துக்கு இடப்பக்கம் இரண்டு வால் முளைத்தது போல் இருக்கும். படிக்கத் தெரியாதவரும் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த அலை ஓடும் பாதை 2.4 கிகாஹெர்ட்ஸ். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பாதையில்தான் நடமாடுகின்றன. மோதாமல் இருக்க, புளூடூத் நொடிக்கு 1,600 முறை வரை இடம் மாறி மாறித் தாவும். இன்னொரு தடை மனித உடம்பு. உடம்பில் நீர் அதிகம். நீர் இந்த அலையை உறிஞ்சிவிடும். போனை இடுப்பில் செருகிக்கொண்டு குரல் விட்டு விட்டு வருகிறது என்றால், எடுத்துச் சட்டைப் பையில் வைத்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

முதல் தடவை இணைக்கும்போது போனும் கருவியும் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்ளும். அதனால்தான் அடுத்த முறை கேட்காமலே சேருகின்றன. இரண்டில் ஒன்று சாவியைத் தொலைத்தால் சண்டை. திரையில் பெயர் தெரியும், ஆனால் சேராது. அப்போது போனில் அந்தக் கருவியின் பெயரை முழுவதும் நீக்கிவிட வேண்டும். பிறகு கருவியின் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். விளக்கு மினுக்கும். அதுதான் 'புதிய ஆள் வரலாம்' என்று கருவி சொல்லும் அறிகுறி. மினுக்காத கருவியைப் போன் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

சேர்ந்துவிட்டது, ஆனால் சத்தமில்லை என்றால்? போனில் பாட்டுக்கு ஒரு சத்த அளவு, பேச்சுக்கு வேறு சத்த அளவு. பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு காது மட்டும் கேட்டால், இரண்டையும் டப்பியில் போட்டு மூடித் திறக்க வேண்டும். டப்பிக்குள் இருக்கும் சின்ன உலோகப் புள்ளிகளைப் பாருங்கள். திருவனந்தபுரத்துக் கடற்காற்றும் வியர்வையும் அங்கே அழுக்குப் படியச் செய்யும். அழுக்கு இருந்தால் மின்சாரம் ஏறாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். மழையில் நனைந்திருந்தால் காயும்வரை சார்ஜ் போடக் கூடாது.

கடைகளில் 'இத்தனை ரூபாய் வந்தது' என்று கூவும் பெட்டி இருக்கிறதே, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான பெட்டிகளுக்குள் தனி சிம் இருக்கிறது. பெட்டி கூவவில்லை என்று போனில் புளூடூத்தைத் தட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை. பணம் வந்ததா என்று போனில் கணக்கைப் பார்த்துவிட்டுச் சரக்கைக் கொடுங்கள்.

காது மந்தமானவர்கள் அணியும் செவிக்கருவியிலும் இப்போது புளூடூத் வருகிறது. அதில் மட்டும் கண்டபடி பொத்தான் அழுத்த வேண்டாம். அவரவர் காதுக்கு ஏற்றபடி அளவு வைத்துக் கொடுத்த கருவி அது. பொருத்தியவரிடமே கொண்டுபோக வேண்டும். ஆக்குளத்தில் இருக்கும் நிஷ் என்ற பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1997 முதல் இந்தத் துறையில் வேலை செய்கிறது.

தம்பானூர் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது, தெரியாத பெயர் ஒன்று 'இணைக்கட்டுமா' என்று திரையில் கேட்டால், வேண்டாம் என்பதைத் தொடுங்கள். பழைய போனை விற்கும்போது அதிலுள்ள கருவிகளின் பெயர்களையும் நீக்கிவிடுங்கள்.

இத்தனையும் செய்து பார்த்து, சார்ஜ் போட்ட பத்து நிமிடத்தில் கருவி அணைந்தால் அதன் மின்கலம் தேய்ந்துவிட்டது. சின்னக் கருவிகளில் அதை மாற்றுவது கடினம். அப்போது புதியது வாங்கத்தான் வேண்டும். பழையதைக் குப்பையில் எறிந்தால் தீப்பிடிக்கலாம். மின்கழிவு என்று சொல்லி ஹரித கர்ம சேனை அக்காமாரிடம் தனியாகக் கொடுங்கள்.