மடுவில் ஓர் ஆவணித் திருநாள்



ஊருக்குப் புதியவனான ஆசிரியன் அவ்வூர்த் திருவிழாவுக்குப் போவதென்பது, தேர்வு மண்டபத்துள் நுழைவதைப் போன்றது. எங்கே நிற்பது, எப்பொழுது கைகூப்புவது, யாருக்கு வழிவிடுவது என்பனவெல்லாம் தன் மாணவர்க்குத் தெரியும். தனக்கு மட்டுந் தெரியாது. அத்தகைய தேர்வொன்றை நான் 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் எழுதினேன்.

நான் மட்டக்களப்பான், சைவ மரபில் வளர்ந்தவன். மாமாங்கத் தீர்த்தத்தின் ஆடி அமாவாசைக் கூட்டத்தைச் சிறு வயது முதலே கண்டவனாதலின், திருவிழா என்றால் இன்னதென்று அறிவேன் என்ற நினைப்பும் எனக்குண்டு. அக்காலத்தில் மன்னார்த் தீவில், பேசாலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் புவியியல் கற்பித்து வந்தேன். என் வகுப்பில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். தேசப்படத்தில் மகாவலியைக் காட்டச் சொன்னால் மல்வத்து ஓயாவைக் காட்டுவான். அவனைப் பற்றி நான் கொண்டிருந்த கருத்தை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அவனே ஒருநாள் வந்து, “சேர், மடுவுக்கு எங்களோடு வாருங்கோ” என்று அழைத்தான்.

மருதமடு மாதாவின் வரலாற்றை நேயர்கள் பலரும் அறிவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை வருத்திய காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த மாதாவின் திருச்சொரூபத்தை மக்கள் எடுத்துக்கொண்டு கடற்கரையை விட்டுக் காட்டுக்குள் புகுந்தனர். அவ்வாறு அது வந்து சேர்ந்த இடமே மடு. 1924இல் அச்சொரூபத்துக்கு முடி சூட்டப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15ஆம் நாள் தமிழரும் சிங்களவரும் அங்கே ஒன்றுகூடுவர். போரினாற் குன்றியிருந்த அக்கூட்டம், 2002 பெப்ரவரியில் ஏற்பட்ட போர்நிறுத்தத்தின் பின் மீண்டும் பெருகத் தொடங்கியிருந்தது.

பதினான்காந் தேதி விடியுமுன்னரே லொறியில் ஏறினோம். பாயும் பானையும் விறகும் கருவாட்டுப் பொதியுமாகப் பெண்கள் ஒருபுறம், பிள்ளைகள் ஒருபுறம். எனக்கு மட்டும் சாரதிக்கு அருகே ஆசனம் தந்தனர். அம்மரியாதை அன்று எனக்கு இனித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சோதனைச் சாவடிகளிற் காத்து நின்றதைத் தவிர வழியிற் சொல்லத்தக்கது வேறில்லை.

மடுவை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. பாலை மரங்களின் கீழெல்லாம் கூடாரங்கள். சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. நான் எங்கே நிற்பதென்று தெரியாமல் நிற்க, பையன் லொறியிலிருந்து குதித்தான். காற்று வரும் திசையை ஒருகணம் பார்த்தான். தறப்பாளின் தாழ்ந்த பக்கத்தைக் காற்றுக்கு எதிரே இழுத்துக் கட்டினான். சுற்றிவர மண்ணை வெட்டிச் சிறு வரம்பும் இட்டான். கால் மணி நேரத்துக்குள் வீடொன்று எழுந்துவிட்டது. அயலில் இறங்கியிருந்த சிங்களக் குடும்பத்தாருக்கும் அவனே கயிறு கட்டிக்கொடுத்தான். தாய்வழியினர் சிலாபத்தவராதலின் அவனுக்குச் சிங்களம் தடையின்றி வந்தது. பட்டம் பெற்ற நானோ சிரித்துத் தலையசைப்பதோடு நின்றேன்.

“திருவிழாவுக்கு வந்து வந்து நன்றாகப் பழகிவிட்டான்” என்று அவன் தாயிடம் வியந்து சொன்னேன். அவர் அடுப்பிலிருந்து கண்ணெடுக்காமலே விடை கூறினார்: “திருவிழாவிலே பழகினதில்லை, மாஸ்டர். தொண்ணூறாம் ஆண்டு இவனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு இங்கே ஓடி வந்தோம். ஒன்பது வருஷம் இப்படித் தறப்பாளுக்குக் கீழேதான் இருந்தோம். அந்த மரத்தடியிலேதான் இவன் நடக்கப் பழகினவன்.”

நான் பேசாதிருந்தேன். 1999 நவம்பரில் எறிகணைகள் வீழ்ந்து, ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் குழந்தைகள் உட்படப் பலர் மாண்டதும் அவ்விடத்திலேதான். பத்திரிகையில் அதை நானும் படித்திருந்தேன். ஆயினும் காலையிலிருந்து என் கண்ணுக்குத் தெரிந்தவை வளையற் கடைகளும் மின்விளக்குகளுமே.

ஜப்பானிற் சில ஆண்டுகள் ஆசிரியராயிருந்த நண்பரொருவர் பின்னொரு நாள் கூறியது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அந்நாட்டின் பல பகுதிகளில், இதே ஆகஸ்ட் நடுப்பகுதியில், ‘ஓபோன்’ என்னும் விழா நிகழும். தெருவெங்கும் காகிதக் கூடுகளுள் விளக்குகள். நடுவே மேடையில் முரசொலி. அதனைச் சுற்றி முதியோரும் சிறுவரும் வட்டமாக ஆடுவர். முன்னே செல்பவரின் கையசைவைப் பார்த்துப் பின்னே வருபவர் ஆடலாம், அந்நியரும் சேர்ந்துகொள்ளலாம். நண்பரும் ஆடினார், கோடைக்கால வேடிக்கை என்றெண்ணி. மறுநாளே மாணவி ஒருத்தி அவருக்கு விளக்கினாளாம்: இறந்துபோன முன்னோர் வீடு திரும்பும் நாட்கள் அவை, விளக்குகள் அவர்களுக்கு வழிகாட்ட ஏற்றப்பட்டவை. அதைக் கேட்டபோது நண்பர்மேல் எனக்கு நகை எழவில்லை.

மறுநாட் காலை பூசை முடிந்து திருச்சொரூபம் வெளியே வந்தது. கடல் அடங்கியது போலக் கூட்டம் முழங்காலிற் பணிந்தது. நான் ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். பணிவதா? என் மனத்தில் இல்லாத நம்பிக்கையை உடம்பினால் நடிப்பது அவர்களை ஏமாற்றுவதாகாதா? நிற்பதோ அவமதிப்பு. நான் இவ்வாறு தருக்கஞ் செய்துகொண்டிருக்கையில், பின்னாலிருந்த சிங்கள மூதாட்டி என் வேட்டியைப் பிடித்து இழுத்து, “வாடிவென்ன, மாத்தயா” என்றார். என் நம்பிக்கையைப் பற்றி அவருக்கு எந்தக் கவலையும் இல்லை. நான் அவருக்கு மறைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவே! தம் பாயின் ஓரத்தை ஒதுக்கித் தந்தார். சம்மணமிட்டு அமர்ந்தேன். அமர்ந்த பின்னரே எனக்கும் சொரூபம் தெரிந்தது.

அதன் பிற்பட்ட செய்தி ஒன்றையும் கூறிவிடுகிறேன். 2008 ஏப்ரலில் போர் மீண்டும் மடுவை நெருங்கியபோது, குருமார் அத்திருச்சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு சென்றனர். அன்று கடற்கரையிலிருந்து காட்டுக்கு வந்தது, காட்டிலிருந்து மறுபடியும் கடற்கரைக்குப் போயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டிலே மடுவுக்குத் திரும்பியது.

எங்கள் திரும்பு பயணம் பதினைந்தாந் தேதி மாலை. பையன் முளைகளைப் பிடுங்கிக் கயிற்றைச் சுருட்டினான். தறப்பாளை மடிக்க இருவர் வேண்டும். “சேர், அந்த முனையைப் பிடியுங்கோ” என்றான். பிடித்தேன். “அப்படியில்லை, முதலில் மண்ணை உதறவேணும்” என்றான். உதறினேன். சாரதிக்கு அருகே அன்று பிள்ளைகள் இருவர் அமர்ந்து வந்தனர். நான் பின்னால், மடித்த தறப்பாளின்மேல் இருந்து பேசாலைக்கு வந்து சேர்ந்தேன்.